அன்னக்கொடி கட்டிய மண்டபம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் தரையைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். வியாபாரிகள் சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி, ஒரு காயைப் பிளந்து மோந்து பார்த்து, இன்னொன்றைக் கடித்துத் துப்பிவிட்டு, மிச்சத்தை அப்படியே காலடியில் தள்ளிவிடுவார்கள். உடனே அடுத்த பொட்டலம். மத்தியானத்துக்குள் நடக்கிற இடமெல்லாம் பச்சைக் காய் நொறுங்கிக் கிடக்கும். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை, அங்கே வேலை நடக்கிற விதமே அதுதான். ஹபீப் ரஹ்மானுக்கு அதில் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

அதே காயை, அதே ஊரில், காய் பொறுக்கும் பெண் ஒருத்தி பத்துப் பதினைந்து மடியில் முடிந்துகொண்டு போனால் அதற்குத் திருட்டு என்று பெயர். ஹபீப் ரஹ்மானின் சரக்குக் கிட்டங்கியில் அந்தக் காலத்தில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தியாக வாசலில் நின்று முந்தானையையும் கொசுவத்தையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். வாசலில் ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். இருபத்தாறு வயதில், கல்யாணமான புதிதில், ஹபீப் ரஹ்மானுக்கு அவருடைய அத்தா கொடுத்த முதல் பொறுப்பு அந்த நாற்காலி. பெண்கள் சேலையை உதறுவதைப் பார்க்கிற வேலைக்கு இத்தனை பெருமிதத்தோடு போய் உட்கார்ந்தவர் போடியில் வேறு யாரும் இருக்க முடியாது.

ராசிங்காபுரத்து மாயக்காளும் அவள் மகள் அன்னக்கொடியும் அங்கே வேலை பார்த்தார்கள். ஒரு நாள் அன்னக்கொடி உதறியபோது பதினோரு காய் கீழே விழுந்தது. இருபது வயதுப் பெண். சுற்றி முப்பத்தொன்பது பேர் நின்று பார்க்கிறார்கள், அதில் அவளைப் பெற்றவளும் ஒருத்தி. "ஏது இது?" என்று இவர் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. இன்னொரு தரம் அதட்டிக் கேட்டார். அப்போதும் பேச்சில்லை. "நாளையிலிருந்து நீ வரவேணாம்" என்றார். மாயக்காள் முன்னால் வந்து மகள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு இவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தா மகன் தட்டில் தன் கையால் கறி எடுத்து வைத்தார். "இப்பத்தாண்டா நீ வியாபாரி" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து மகனைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று வந்ததில்லை.

மறுநாள் காலையில் மனைவி ஹசீனா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்தக் காயை அவள்தான் கொடுத்தாள். அன்னக்கொடி பூப்பாறையில் சித்தி வீட்டுக்குப் போக இருந்தாள். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு திரும்பத் திரும்ப அந்தப் பெண்ணுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். வாயில் ஒன்றிரண்டு காயை ஒதுக்கிக்கொண்டால் தேவலை என்று, தண்ணீர் குடிக்க வந்தவள் கையில் ஹசீனா ஒரு பிடி வைத்தாள். கிட்டங்கிச் சரக்கில் வீட்டுப் பெண்கள் கை வைக்கக் கூடாது என்பது மாமனார் சட்டம். அதனால், "நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

"நான் பாத்துக்கிறேன், நீ அழுகாத" என்றார் ஹபீப் ரஹ்மான். பார்த்துக்கொள்ளவும் நினைத்தார். ஆனால் அத்தா வைத்த கறியின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது. மகன் தப்பாகப் பிடித்துவிட்டான் என்று தெரிந்தால் பஜாரே சிரிக்கும். ஒரு வாரம் போகட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தார். அந்த வாரத்துக்குள் அன்னக்கொடி ஒரு மேஸ்திரியின் கூட்டத்தோடு சென்னைக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். ஹசீனா இரண்டு தடவை கேட்டாள். "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று எரிந்து விழுந்தார். மாயக்காள் தொடர்ந்து வேலைக்கு வந்ததால் ஹசீனாவும் நம்பிவிட்டாள்.

ஒரு பெரிய நகரத்தின் மாநாட்டு மையம் எப்படி எழுந்தது என்கிற கதை போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கிக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் வந்தது. சென்னைக்குத் தெற்கே ஏரிக்கரை ஓரம் முள்ளுக்காட்டை அழித்து அந்த மையத்தைக் கட்டத் தொடங்கியபோது கலவைச் சட்டி சுமந்தவர்களில் அன்னக்கொடியும் ஒருத்தி. அவள் தாய்க்குப் போன் பண்ணுவாள், தாய் காய் பொறுக்கிக்கொண்டே மற்றப் பெண்களுக்குச் சொல்லுவாள்.

"நடுவுல ஒரு தூணு கூட இல்லையாம்டி. அம்புட்டுப் பெரிய கூரை அந்தரத்துல நிக்குதாம்."

"விழுந்துராதா ஆத்தா?"

"எம்மக கலவை போட்டது எப்பிடிடி விழுகும்?"

கட்டி முடித்ததும் தரையில் ஒட்டிய சிமெண்டையும் பெயிண்டையும் சுரண்ட நாலு பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போக, அன்னக்கொடி துப்புரவு வேலைக்கு அங்கேயே தங்கிவிட்டாள். எந்திரக் கண்காட்சி, நகைக் கண்காட்சி, டாக்டர்மார் மாநாடு, வேலை தேடும் பிள்ளைகள் வெயிலில் கால் கடுக்க நின்ற முகாம் என்று ஒவ்வொன்றும் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது. பெருமழையில் நகரம் மூழ்கியபோது மையத்தைத் திறந்துவிட்டு ஜனங்களைத் தங்கவைத்தார்களாம், அன்னக்கொடி மூன்று நாள் அண்டா அண்டாவாக உப்புமா கிண்டினாளாம். கொரோனா வந்தபோது அதே கூரைக்கு அடியில் கட்டில் கட்டிலாகப் போட்டார்கள். பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு மகள் தரை துடைக்கிறாள் என்று கேட்ட நாளிலிருந்து மாயக்காள் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மகளைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்று கிட்டங்கி முழுக்க மிட்டாய் கொடுத்தாள், ஹபீப் ரஹ்மானுக்கும் ஒன்று வந்தது. அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார் மனிதர்.

ஆனால் ஒவ்வொரு போனையும் மாயக்காள் ஒரே வார்த்தையில்தான் முடிப்பாள். "அங்கயாச்சும் கையைச் சுத்தமா வச்சுக்க ஆத்தா." தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹபீப் ரஹ்மான் காதில் அது விழும். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இருபது அடி தூரம். எத்தனையோ தடவை எழுந்தார். எழுந்தவர் நேரே வெளியே போய் டீக்கடையில் நின்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாயக்காள் செத்துப்போனாள். பிணம் எடுக்கிற இடத்தில் மகள் இருப்பாள் என்று தெரிந்ததும் இவர் ஆள் மூலம் மாலையை அனுப்பிவிட்டு, தோட்டத்தில் அவசரச் சோலி என்று ஜீப்பில் மலையேறிவிட்டார். மலையில் ஒரு சோலியும் இல்லை. போடிமெட்டில் ஒரு கடை பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

அந்த மையத்தில் வருடந்தோறும் நறுமணப் பொருள் கண்காட்சி நடக்கும். பதினோரு வருடமாக அழைப்பு வந்தது, பதினோரு வருடமும் இவருக்கு மூட்டு வலி வந்தது. இந்த வருடம் மகள் ஆலியா விடவில்லை. படித்து முடித்துவிட்டு, சாயம் ஏற்றாத காய் என்று பெயர்போட்டுச் சிறு பொட்டலமாக விற்கத் தொடங்கியிருந்தாள். "உங்க நேர்மைய வச்சுத்தான் அத்தா நான் விக்கிறேன். ஸ்டால்ல நீங்க நின்னாத்தான் பாக்குறவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றாள். அந்த வார்த்தை இவருக்கு ஊசி மாதிரி ஏறியது. இந்தத் தடவை அன்னக்கொடியைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ரயில் ஏறினார். இனி தள்ளிப்போட்டால் தானும் செத்து மௌத்தாகித்தான் தப்பிக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மையத்துக்கு அது வெள்ளிவிழா வருடம். நுழைவாயிலில் அதன் வரலாற்றைப் படம் படமாக வைத்திருந்தார்கள். முள்ளுக்காடு, பாதி எழுந்த சுவர், திறப்புவிழாக் கூட்டம், வெள்ளம், கட்டில்கள். இரண்டாவது படத்தில் தலையில் சட்டியோடு ஒரு ஒல்லிப் பெண். 'அன்னக்கொடி. முதல் நாள் முதல் இன்று வரை' என்று கீழே எழுதியிருந்தது. ஹபீப் ரஹ்மான் அதன் முன்னால் நிற்க முடியாமல் விறுவிறுவென்று உள்ளே போனார். முதல் நாள் முழுக்க ஸ்டாலுக்குப் பின்பக்கத் தட்டிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்திருந்தார். துப்புரவுப் பெண்களின் நீலச் சேலை எது தெரிந்தாலும் குனிந்துகொண்டார்.

மறுநாள் எதிர் ஸ்டால்காரர் தன் காயைப் பார்த்துச் சொல்லும்படி கூப்பிட்டார். தட்டு கைக்கு வந்ததும் இவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. ஒன்றைப் பிளந்து மோந்தார், ஒன்றைக் கடித்துத் துப்பினார், "காய்ச்சல் பத்தல, இன்னும் உலரணும்" என்றார், மிச்சத்தை அப்படியே காலடியில் தள்ளிவிட்டார். பளபளவென்று துடைத்த தரையில் காய்கள் நாலாபக்கமும் உருண்டு ஓடின. சுற்றி நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். துடைப்பத்தோடு நின்ற பெண் தலையில் அடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டாள்.

நீலச் சேலையில், நெஞ்சில் அட்டை தொங்க, கையில் முறத்தோடு நாற்பத்தாறு வயது அம்மாள் ஒருத்தி வந்தாள். தரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "போடிக்காரகளா? வேற எந்த ஊருக்காரகளும் ஏலக்காயக் கீழ கொட்ட மாட்டாக" என்று நிமிர்ந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "சின்ன மொதலாளி" என்றாள்.

ஆலியா ஓடி வந்தாள். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டாள். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று ஹபீப் ரஹ்மானுக்குப் பட்டது. மகள் நிற்கிறாளே என்று ஒரு கணம் தயங்கினார். அப்புறம் சொன்னார். "அன்னக்கொடி, அந்தக் காயை ஹசீனாதான் குடுத்தா. நீ எடுக்கல. எனக்குத் தெரியும்."

ஏசுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்றும் நினைத்தார். ரயிலில் இரண்டுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தார்.

"எப்பத் தெரியும் மொதலாளி?" என்றாள் அவள்.

"மறுநாளே."

"ஆத்தாகிட்டச் சொன்னீகளா?"

"இல்ல."

ஆலியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட அம்மா இதைச் சொல்லியிருக்காங்களே அத்தா. நீங்க அப்பவே சரிபண்ணிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றாள். இவர் அவளைப் பார்க்கவில்லை.

அன்னக்கொடி கையில் இருந்த முறத்தைத் துப்புரவுப் பெண்ணிடம் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நான் எடுக்கலைன்னு ஆத்தாகிட்ட வருசம் பூராச் சொன்னேன். ஹசீனா அக்கா குடுத்தாகன்னும் பின்னாடி சொன்னேன். மகராசி மேலயே பழியப் போடுறியான்னு போனை வச்சிருச்சு. உங்க மேல உசுரு அதுக்கு. போலீசுக்குப் போகாம விட்ட புண்ணியவான்னு சொல்லும்."

ஹபீப் ரஹ்மான் கையிலிருந்த வெறும் தட்டை மேஜையில் வைத்தார்.

"கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என் கையால ஒரு வாய் கஞ்சி குடிக்கல. சாகப்போறவகிட்டப் பொய் சொல்லாத, எடுத்தியா இல்லையான்னு கேட்டுச்சு. இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் ஓஞ்சுபோச்சு மொதலாளி. ஆமாத்தா, எடுத்துட்டேன், மன்னிச்சிருன்னு சொன்னேன். இதைச் சொல்ல உனக்கு இத்தன வருசமான்னு என் தலையத் தடவிக் குடுத்துச்சு. அதுக்கப்பறந்தான் கஞ்சி குடிச்சுச்சு."

அவள் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. இரண்டாம் கூடத்தில் தண்ணீர் கொட்டிவிட்டதாம். "வர்றேன்" என்று அதில் சொல்லிவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணு கூட்டட்டும்" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஹபீப் ரஹ்மான் தள்ளி நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய மாயக்காளிடம் அன்னக்கொடியே, செய்யாத தப்புக்குக் கேட்டு முடித்துவிட்டாள்.