காதக்கா தள்ளிவிட்ட கோடுகள்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் காதக்கா. சத்தம் நுழையாத பஞ்சுச் சுவர் அறையில், வருகிறவர்களின் காதில் கருவியின் ரப்பர் நுனியைப் பொருத்தி, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துப் பார்த்தே பத்தொன்பது வருடங்கள் ஓடிவிட்டன. அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. நுனி கச்சிதமாக உட்காராவிட்டால் கோடு கோணும். கோணினால் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அவள் கொடுக்கும் தாளில் கோடு கோணியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தின் மேல்தான் இடி விழுந்தது.

தாய் தகப்பன் போன பிறகு அவள் தோளில் போட்டு வளர்த்த தம்பி, பஸ் டிரைவர். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்டவனுக்கு, மண்டைக்குள் தேங்கிய நீர் வடிய மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும்; விட்டால் கண் நரம்பையும் நசுக்கும். ஏறுகிறதா என்று மண்டையைத் துளைக்காமல் அறிய, மூளை டாக்டர் புது வழி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மண்டைக்குள்ள இருக்கற தண்ணிக்கும் உள்காதுத் தண்ணிக்கும் நடுவுல நூல் மாதிரி ஒரு பாதை இருக்கும்மா. அங்க இறுகினா இங்க தெரியும். வாராவாரம் உட்கார வெச்சு ஒண்ணு, தலகாணி இல்லாம படுக்க வெச்சு ஒண்ணு எடுங்க. தலை தாழ்ந்தாத்தான் அழுத்தம் ஒளியாம தெரியும். ஆறு வாரம் கோடு மாறாம இருந்தா வண்டி ஓட்ட எழுதித் தரேன்."

"என் தம்பியாச்சே டாக்டர், வேற யாராவது எடுத்தா..."

"உங்க கை வருமா அவங்களுக்கு?"

முதல் மூன்று வாரமும் சிரிப்பும் கேலியுமாகவே போனது.

"அக்கா, மொதல்ல உள்ள மூளை இருக்கான்னு பாரு."

"இருந்தா ஏன்டா போனைப் பார்த்துக்கிட்டே படி இறங்கற?"

நான்காம் வாரம், படுக்க வைத்து எடுத்த கோடு கோணியது. நுனியை மாற்றினாள். மறுபடி கோணியது. மூன்றாம் முறை ஓரளவு நேராக வந்தது. தாளில் அச்சிட்டாள்.

ஐந்தாம் வாரம் ஆறு முறை எடுத்தாள்.

"என்னக்கா, காது பார்க்கறியா, கிணறு தோண்டறியா?" என்று அவன் சிரித்தான். பிறகு மெதுவாக, "காலைல எழுந்தா தலை வலிக்குதுக்கா. பேப்பர்ல எழுத்துகூட மங்கலாத்தான் தெரியுது" என்றான்.

"வீட்ல சும்மாவே கெடந்தா எல்லாம்தான் வரும். வேலைக்குப் போ, சரியாப் போயிடும்."

சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் ரப்பர் நுனியைத் துடைத்தாள். அவன் வீட்டுச் சுவரில், இஸ்திரி போட்ட சீருடை ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி அவளால் எதையும் நினைக்க முடியவில்லை.

ஆறாம் வாரம் ஒன்பது முறை எடுத்தும் கோடு மசியவில்லை. "கழுத்து வலிக்கும்டா" என்று சொல்லி, அவன் தலைக்கடியில் ஒரு தலையணையைச் செருகினாள். தலை உயர்ந்தது. கோடு நேரானது. அந்தத் தாளில் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, தெருவுல நின்ன ஒரு பஸ்ஸை ரெண்டுங்கறாரு. விளையாடறாருன்னு நெனச்சேன். இப்ப வாந்தி நிக்கவே மாட்டேங்குது!"

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா!"

போனை வைத்ததும் கருவியின் பதிவுகளைத் திறந்தாள். தாளுக்கு வராத கோடுகளையும் அது பத்திரமாக வைத்திருந்தது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். நுனி சரியாக உட்காராத கோடு கண்டபடி கோணும். இவையோ வாரத்துக்கு வாரம் ஒரே பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருந்தன. மூன்று வாரமாக அவன் மண்டை அவளிடம் முறையிட்டிருக்கிறது. அவள்தான் காது கொடுக்கவில்லை.

டாக்டரின் அறைக்குள் செருப்பில்லாமல் ஓடினாள்.

"கோடு பொய் சொல்லல டாக்டர், நான்தான் சொன்னேன். தலகாணி வெச்சுட்டேன்!"

டாக்டர் கத்தவில்லை. ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ஆபரேஷன் அறைக்குப் போன் செய்தார். அந்தப் பார்வைக்குப் பதில் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே அடைத்த குழாயை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். உயிர் பிழைத்தான். நான்காம் நாள் காலை, கருவியைத் தள்ளிக்கொண்டு அவன் கட்டிலருகே போனாள். ஜன்னல் திறந்திருந்தது. அப்போதுதான் மயக்கம் தெளிந்து கண் விழித்த அவன் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அக்காவா? லைட்டைப் போடேன்க்கா. ஏன் எல்லாரும் இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க?"

கட்டிலின் மறுபக்கம் நின்ற அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காதக்கா தலையணையை உருவிக் கீழே வைத்தாள். அவன் காதில் நுனியைப் பொருத்திக் காத்திருந்தாள்.

கோடு முதல் முறையிலேயே நேராக வந்தது.