பஸ்ஸில் வந்த செடி

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்கு நர்சரியில் காபி நாற்றுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை. என் வீட்டுக்காரர் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்குக் குழந்தை இல்லை. வேலை முடிந்து வீடு சேரும்போது இரண்டு பேருக்கும் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

ஒரு நாள் அவர் பால் பவுடர் டப்பாவில் நட்ட செடி ஒன்றைக் கொண்டுவந்தார். விரல் பருமனுக்குச் சதைப்பிடித்த இலைகள். யாரோ சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அடிவாரத்து டீக்கடையில் நாலு நாள் வைத்திருந்தும் கேட்டு யாரும் வரவில்லையாம். எனக்கு அதைப் பார்த்ததுமே அலுப்பு வந்தது.

"ஏனுங்க, நாள் முச்சூடும் நாத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன். ஊட்லயும் ஒண்ணு வேணுங்களா?" என்றேன்.

தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். டூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர், திரும்பியதும் ஒரு டம்ளர். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மழைக்காலம் வந்தது. பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் புகுந்துவிடும். கொடியில் போட்ட துணி வாரக்கணக்கில் காயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி களையும்போதுதான் செடியைக் கவனித்தேன். இலைகள் நீர்கோத்து, தொட்டால் உதிர்ந்தன. தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. டப்பாவுக்கு அடியில் ஓட்டையே இல்லை. நாற்றோடு புழங்குகிற நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

அவர் வந்ததும், தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுகவைத்துவிட்டீர்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ல ஏறுனவங்க எல்லாரும் எறங்கிப் போயிடறாங்க புள்ள. இது ஒண்ணுதான் எங்கூட ஊட்டுக்கு வந்துச்சு" என்றார்.

என் கோபம் போய்விட்டது, அலுப்பு போகவில்லை. அந்த அலுப்போடேயே எழுந்து அழுகாத நுனியை வெட்டியெடுத்தேன். அடுப்புக்கு மேலிருந்த பலகையில் ஒரு வாரம் காயவிட்டேன். டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, மணலும் கரித்தூளும் கலந்து நட்டேன். மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் ஒரு கை தண்ணீர் போதும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். ஒரு மாதத்துக்கு அவர் அதைத் தொடவே பயந்தார். எப்படியோ வேர் பிடித்துக்கொண்டது.

சில வருஷம் கழித்து, கொண்டை ஊசி வளைவுகளில் நின்றுகொண்டே டிக்கெட் போட்டதில் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. டவுன் பஸ்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அடிவாரத்துக்குக் குடிவந்தோம். நான் கட்டட வேலைக்குப் போனேன். செடியும் கூடவே வந்தது. மலைக்குக் கீழே அடிக்கிற வெயில் அதற்கு ஒத்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம் அதில் நீளமாக ஒரு தண்டு கிளம்பி, மணி மணியாகச் சிவந்த பூ வந்திருந்தது. அது பூக்கும் என்றே எனக்குத் தெரியாது. அவர் வந்ததும் காட்டலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் செங்கல் சுமந்த உடம்பு, அப்படியே தூங்கிப்போனேன். அவர் என்னை எழுப்பாமல் தானே சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். காலையில்தான் இரண்டு பேரும் சேர்ந்து பூவைப் பார்த்தோம். அவர் கிளம்புவதற்கு ஐந்து நிமிஷம் இருந்தது.