புள்ளி இல்லாத வாத்துகள்

என் மனைவி பதினாறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். துணியில் ஊசிமுனை அழுக்கும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நான் ஞாயிறு தவறாமல் குளக்கரையில் பறவைகளைப் படம் பிடித்துத் திரிந்தவன். கூடத்தில் நான் மாட்டிய படங்களிலும் அவள் கம்பெனிப் பழக்கத்தில் குறை காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் படங்களை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமென்று நான் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டபோது ஒரே நிபந்தனை வைத்தாள். முதல் ஆர்டர் திரும்பி வந்தால், பெரிய லென்ஸை விற்றுவிட்டு மறுபடி கம்பெனிக்குப் போய்விட வேண்டும். நானும் ரோஷத்தில் சரியென்றேன்.

பல்லடம் பக்கத்துப் பள்ளி ஒன்று முதல் ஆர்டர் கொடுத்தது. பறவை பார்க்கப் போகும் நாற்பது குழந்தைகளுக்கும் ஆறு ஆசிரியர்களுக்கும் புள்ளிமூக்கு வாத்து போட்ட வெள்ளைச் சட்டை. மகள் படத்தை அச்சுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தாள். நான் முன்னறையில் அடித்தேன். அலகு தொடங்கும் இடத்தில் வரும் சிவப்புப் புள்ளியைக் கடைசியாக வைத்துவிட்டு, அது காய்வதற்குள் டீ குடிக்கப் போனேன். மெர்ச்சண்டைசராக இத்தனை வருடம் குப்பை கொட்டியவன், செக்கிங் பார்க்கும் மனைவிக்கு, அச்சு இப்படித்தான் இருக்க வேண்டுமென்று காட்டும் சாம்பிள் கொடுக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தால், அவள் கையில் கறை எடுக்கும் ஸ்பிரே கன். குழந்தைகளின் நாற்பது சட்டையிலும் சிவப்புப் புள்ளியைச் சுத்தமாக எடுத்திருந்தாள். ஆசிரியர்களின் பெரிய சைஸை அப்போதுதான் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க, எல்லாத்துலயும் ஒரே எடத்துல கறைங்க. நல்லவேளை நான் பார்த்தேன்."

புள்ளி இல்லாமல் அது என்ன புள்ளிமூக்கு வாத்து என்று கத்தினேன். வாத்து மூக்கில் சிவப்பு இருக்குமென்று எனக்கென்ன தெரியும், சாம்பிள் எங்கே என்று அவளும் கத்தினாள். மேசையை விட்டு எடுத்த சட்டையில் மறுபடி அச்சு சரியாக உட்காராது. மறுநாள் டெலிவரி. லென்ஸ் போயே போச்சு என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

காலையில் நான் குளத்துக்குக் கிளம்பினேன், கடைசியாக ஒருமுறை லென்ஸைப் பிடித்துப் பார்க்கலாமென்று. அவளும் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அசலைப் பார்க்காமல் தப்பை ஒத்துக்கொள்கிற ஆளா அவள்? கரையில் லென்ஸில் கண்ணை வைத்தவள் அரைமணி நேரம் எடுக்கவில்லை. வாத்து வாத்தாக அலகைச் செக் செய்துகொண்டே வந்தாள்.

"பெருசுகளுக்கு இருக்குதுங்க. அந்த இளசுகளுக்கு ஒண்ணுத்துக்கும் இல்லீங்களே?"

இளம் வாத்துக்குப் புள்ளி வந்திருக்காது. எனக்குத் தெரிந்த சங்கதிதான். பதற்றத்தில் புத்தி மழுங்கிக் கிடந்திருக்கிறது.

வீட்டிலிருந்து சட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். பெரிய வாத்து பெரியவர்களுக்கு, இளசு பிள்ளைகளுக்கு என்று மனைவியே எடுத்துச் சொன்னாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். ஒரு சட்டைகூடத் திரும்பவில்லை.

லென்ஸ் தப்பித்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் கைக்கு வருவதே இல்லை. அவள் கண்ணை எடுத்தால்தானே? நான் பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறேன்.