தளிப் பக்கம் மட்டும் கிடையாது

இணைய டிவி கனெக்‌ஷன் விற்கத் தொடங்கிய அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஒசூரில் யார் கேட்டாலும் கொடுப்பேன், மத்திகிரி வரைக்கும் போவேன், தளிப் பக்கம் மட்டும் கிடையாது. தளியை ஒட்டிய நாலு ஊர்களுக்குக் கேபிள் கொடுப்பவர் என் மனைவியின் அண்ணன். சொந்த மச்சான் வயிற்றில் அடித்துப் பிழைக்கிற அளவுக்கு நான் கேடுகெட்டவன் இல்லை என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.

அவர் எனக்கு வெறும் மச்சான் இல்லை. மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் கான்ட்ராக்டில் மெஷின் ஓட்டினேன். ஒருநாள் எங்கள் பேட்ச் மொத்தத்துக்கும் ‘பிரேக்’ என்று சொல்லி, கம்பெனி கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். பிரேக் என்றால் பத்து நாளில் கூப்பிடுவார்கள் என்று நினைத்த முட்டாள்களில் நானும் ஒருவன். நாலு மாதம் போன் வரவில்லை. அந்த நாலு மாதமும் ஞாயிறு தவறாமல் தளியிலிருந்து வரும் காலை பஸ்ஸில், கண்டக்டரிடம் ஒரு பை வந்தது. பீன்ஸ், முட்டைகோஸ், நூக்கோல், மேலே கொத்தமல்லிக் கட்டு. “பஸ்ல ஏத்திட்டேன் மாப்ள, போய் வாங்கிக்கங்க” என்று மச்சான் போனில் சொல்வார். வேலை கிடைத்ததா என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் குணத்துக்குச் சண்டை போட்டிருப்பேன். கேட்காத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

இந்த வியாபாரத்துக்கு வழி காட்டியது நாங்கள் குடியிருந்த மத்திகிரி லைன் வீடுதான். எட்டு வீடு, ஆறு பாஷை. வீட்டுக்கார அம்மாவுக்குத் தெலுங்கு சீரியல் வேண்டும், பக்கத்து வீட்டுக்குக் கன்னடம், கடைசி ரூமில் இருந்த நாலு ஒடிசாக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ப் படம். ஒரே கேபிளில் இத்தனை பேரையும் திருப்திப்படுத்த யாராலும் முடியாது. அந்த ஒடிசாக்காரர்களில் ஒருவர் என்னோடு வேலை பார்த்தவர். கட்டைவிரல் அளவு ஸ்டிக் ஒன்றை டிவிக்குப் பின்னால் சொருகி, வைஃபை கொடுத்து, இந்தியாவில் உள்ள அத்தனை சேனலையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். மேலே ஒரு ஆள் இருக்கிறான், அவனிடம் மொத்தமாக கிரெடிட் வாங்கி, ஆளுக்கொரு லாகின் போட்டு விற்க வேண்டியது, ஒரு கிரெடிட்டுக்கு ஒரு மாதம் ஓடும் என்றார். அந்த மேலே இருக்கிற ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. போனில் ஒரு சிங்கப் படம்தான் அவன் முகம்.

இத்தனை சேனல் இத்தனை மலிவாக எப்படி வரும் என்று யோசிக்கத் தெரியாதவன் இல்லை நான். திருட்டுச் சரக்கு. தெரிந்தேதான் விற்றேன். நஷ்டம் பெரிய பெரிய கம்பெனிகளுக்குத்தானே, என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளியதும் ஒரு பெரிய கம்பெனிதானே என்று எனக்குள்ளேயே நியாயம் பேசிக்கொண்டேன். அந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

செய்த தப்பு வேறு. ஒசூரில் எதுவும் போனஸில்தான் வாங்கப்படும். வண்டி, பீரோ, வாஷிங் மெஷின், சீட்டுக் கட்டுவது எல்லாமே தீபாவளி போனஸைப் பார்த்துத்தான். நானும் அப்படியே வளர்ந்தவன். மாதாமாதம் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவனை எழுப்பிக் காசு கேட்பதைவிட போனஸ் வந்த கையோடு வருஷத்துக்கும் வாங்கிவிடலாமே என்று தோன்றியது. ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளில் பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோதே ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று சொல்லிவைத்தேன். தீபாவளி முடிவதற்குள் நான் நினைத்துப் பார்க்காத அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. மாசக் கணக்கில் வாங்குகிற சரக்கை வருஷக் கணக்கில் விற்கிற கூறுகெட்டதனத்தை வேறு எந்த ஊர் வியாபாரியும் செய்ய மாட்டான். போனஸுக்குப் போனஸ் மூச்சு விடுகிற எங்களுக்குத்தான் அது புத்திசாலித்தனமாகத் தெரியும். வாங்கிய பணம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் பாக்கி வாடகைக்கும் போய்விட்டது. அடுத்த தீபாவளி வரை ஒவ்வொரு மாதமும் அத்தனை பேருக்கும் படம் ஓடவைக்க வேண்டியது என் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு என் போன் என்னுடையதாக இல்லை. படம் நின்று, திரை நடுவில் வட்டம் சுற்றும். உடனே அழைப்பு வரும். “அண்ணா, சுத்துது.” கன்னடக்காரர் சுத்துதா இதே என்பார், தெலுங்கு அம்மா திருகுதோந்தி என்பார், இந்திக்காரர் கூம் ரஹா ஹை என்பார். ஆறு பாஷையிலும் எனக்கு அந்த ஒரு வார்த்தை பாடமாகிவிட்டது. ஏ ஷிஃப்ட்காரன் சாயங்காலம் பார்ப்பான், பி ஷிஃப்ட்காரன் காலையில் பார்ப்பான். முடிவெட்டும் கடையில் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருக்கும்போது எழுந்து வெளியே போய்ப் பேசியிருக்கிறேன். கோயிலில் தீபாராதனையின்போது பேசியிருக்கிறேன். கம்பெனியிலாவது எட்டு மணி நேரம் ஆனால் வெளியே விட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூக்கண்டப்பள்ளி வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். தங்கமான ஆள், போனஸ் வந்த முதல் நாளே வருஷப் பணம் கொடுத்தவர். ஸ்டிக்கை ஊரில் டிவியில் மாட்டியிருக்கிறேன், சுத்துகிறது என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். மச்சானுடைய நாலு ஊரில் ஒன்று.

தளிப் பக்கம் கிடையாது என்று சொல்லித்தானே கொடுத்தேன் என்று கோபமாகக் கேட்டேன். நான் ஒசூரில்தானே வாங்கினேன் என்றார் அவர், நிதானமாக. ஸ்டிக் கட்டைவிரல் அளவு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினால் ஊருக்குப் போய்விடும். மூக்கண்டப்பள்ளியில் பாதிப் பேர் வாரம் முழுக்க ரூமில், சனிக்கிழமையானால் ஊரில். இதை யோசிக்காமல் சட்டம் போட்டவன் நான். அங்கே ஓடாது என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். வருஷப் பணம் வாங்கிய வாய் எழவில்லை. மோடத்தை ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டுப் போடச் சொன்னேன். வந்துவிட்டது. போனுக்குப் பின்னால் அவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சந்தோஷமாகச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் அந்தப் பக்கமிருந்து மூன்று அழைப்பு. அதற்கடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருநாள் துணிந்து அந்த ஊர்க்காரர்களுடைய லாகினை எல்லாம் நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் ஷிஃப்ட் விட்டதும் ஆறு பேர் யூனிஃபார்மோடு என் வாசலில் வந்து நின்றார்கள். சத்தம்கூடப் போடவில்லை, வருஷத்துக்குக் கொடுத்தோமே என்று மட்டும் கேட்டார்கள். லைனில் இருந்த மற்ற ஏழு வீடும் வேடிக்கை பார்த்தது. அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போதும் நிற்காமல் வந்துகொண்டிருந்த காய்ப் பையோடு மச்சானே வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னார். செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களாம். வீட்டு மூலையில் குவிந்து கிடக்கிறதாம். ஒசூர்க்காரன் எவனோ கம்பெனிப் பையன்கள் மூலமாக ஏதோ விற்கிறானாம்.

“உங்களுக்குத்தான் கம்பெனி ஆளுங்க எல்லாம் பழக்கமாச்சே மாப்ள. எவன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. சண்டைக்கெல்லாம் போவல. அவன்கிட்ட ஒரு வார்த்த பேசணும், அவ்ளோதான்.”

விசாரிக்கிறேன் மச்சான் என்றேன். அவர் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

அவர் பஸ் ஏறியதும் அவள் நிறுத்திவிடுங்கள் என்றாள். தீபாவளி வரைக்கும் முடியாது என்றேன். அப்படியானால் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். அதுவும் முடியாது என்று கத்தினேன். உன் அண்ணனா பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினான் என்றுகூடக் கேட்டுவிட்டேன். இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட யாருமில்லை.

“அப்படின்னா எங்கண்ணன் அனுப்பற காய நான் இனிமே இந்த அடுப்புல ஏத்த மாட்டேன்” என்றாள்.

சொன்னபடியே செய்தாள். பை ஞாயிறு தவறாமல் வந்தது. நான் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வருவேன். அவள் வாசலிலேயே பிரித்து ஏழு வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பாள். பிறகு என்னை உழவர் சந்தைக்கு அனுப்பி பீன்ஸ் வாங்கி வரச் சொல்வாள். அங்கே விற்றதும் தளி பீன்ஸ்தான்.

ஆனியில் மச்சான் கேபிளை மூடிவிட்டார். பதினேழு வருஷம் கம்பம் கம்பமாக ஏறி இழுத்த ஒயர். போனில் அதைச் சொல்லிவிட்டு, அதே குரலில், மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். வாரநாளில் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இதென்ன கேள்வி மச்சான் என்றேன். போனை வைத்ததும் டிவிக்குப் பின்னாலிருந்த ஸ்டிக்கைப் பிடுங்கி அரிசி டிரம்மில் புதைத்தேன்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. முன்னறையில் அவர். எனக்குச் சொந்த வீட்டில் நின்று பேச இடமில்லை. போன் அதிர்ந்தால் மாடிக்கு ஓடுவேன், மாடியில் யாராவது துணி காயப்போட்டால் தெருமுனைக்கு ஓடுவேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். நல்ல வேலைதான் என்றார். நாற்பத்தைந்து வயதில் சின்னப் பையன்களோடு வரிசையில் நின்று கைரேகை வைத்துவிட்டு வருகிற மனிதர், எனக்கு நல்ல வேலை அமைந்ததற்குச் சந்தோஷப்பட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் மாடிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அவருக்கு பி ஷிஃப்ட் இருந்த ஒரு நாள் காலை, நான் குளிக்கப் போனேன். போனைச் சட்டைப்பையிலேயே விட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டேன். எங்கள் குளியலறைக் கதவு வெறும் தகரம், வீட்டில் பேசுவதெல்லாம் கேட்கும். போன் ஒருதரம் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மனைவி தெருக் குழாயடியில் இருந்தாள். மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள். மச்சான் குரல்.

“யாருங்க? … சுத்துதா? … மோடத்த ஆஃப் பண்ணு. ரெண்டு நிமிஷம் அப்படியே விடு. அப்பறம் போடு.”

சோப்பு நுரையோடு நின்றேன். தண்ணீர் ஊற்றினால் சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று ஊற்றவில்லை. அவர் போனை வைக்காமல் அந்த ரெண்டு நிமிஷமும் காத்திருந்தார். பதினேழு வருஷப் பழக்கம். பிறகு, வந்துச்சா, சரி வை என்றார்.

வெளியே வந்தபோது போன் திரும்பச் சட்டைப்பையில் இருந்தது. அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார், ஷிஃப்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தும்.

“எங்க ஊரு பால் சொசைட்டிக்காரன் கூப்ட்டான் மாப்ள. படம் வந்துருச்சு. என் குரலக் கண்டுபுடிச்சிட்டான். அண்ணா, இதுவும் நீங்கதானான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க மச்சான்?”

“ஆமான்னேன்.”

நாடாவைக் கட்டி முடித்து வெளியே போனார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் அன்றைக்கே தூங்கியிருப்பேன். பொண்டாட்டி பிள்ளை எதிரில் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ஊருக்குள் அந்தப் பழியையும் தன் பெயரில் எழுதிக்கொண்டு போய் மெஷின் முன்னால் நின்றார் அவர்.

அடுத்த திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது பையைக் கையிலேயே கொண்டுவந்தார். அண்ணனும் தங்கையும் அதைப் பற்றிப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. அவள் பையை வாசலில் பிரிக்காமல் உள்ளே எடுத்துப்போனாள். மத்தியானம் பீன்ஸ் பொரியல் வைத்து இரண்டு பேருக்கும் பரிமாறினாள். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், ஆணியில் தொங்கிய சட்டை அதிர ஆரம்பித்தது. நான் குனிந்தபடியே இருந்தேன். மச்சான் இடக்கையால் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“எடுங்க மாப்ள, யாருக்கோ சுத்துது.”

சோற்றுக் கையோடு வாங்கிக் காதில் வைத்தேன். எனக்கு இந்த வியாபாரத்தைக் காட்டிய கடைசி ரூம் ஒடிசாக்காரர் பேசினார், அவருக்கும் சுத்துகிறதாம்.