பதினெட்டாம் நிமிடத்தில் நகர்ந்த வரிசை

2025 ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே சாவியோ தன் டிரெய்லரை எழுநூறு மீட்டர் ஓட்டினார். அன்றைக்கு அது நல்ல வேகம். திருவொற்றியூர் கடலோரச் சாலையில் கண்டெய்னர் யார்டு வரிசையில் நிற்கும் ஓட்டுநர்கள் தூரத்தை மீட்டரில் சொல்வதில்லை. "இன்னா மாமு, கேட்டு எவ்ளோ தூரம் கீது?" என்று கேட்டால், "ஆறு எபிசோடு" என்று பதில் வரும்; போனில் அத்தனை எபிசோடு பார்த்து முடித்தால் கேட் வந்துவிடும்.

சாவியோவுக்கு வயது முப்பத்தொன்பது. ராயபுரத்தில் பிறந்து, ப்ளஸ் டூ கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை எழுதப் போகாமல் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஒன்பது வருடம் முன்பு இதே வரிசையில் முன்வண்டிக் கிளீனர் ஒரு மெமரி கார்டைக் கொடுத்து, "பொம்மப் படம்தாண்ணே, ஆனா அழுவீங்க" என்றார். சாவியோ நம்பவில்லை. பிறகு அழுதார். கேட் திறந்தது தெரியாமல் அழுதார். பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடித்தன. அன்றிலிருந்து ஜப்பான் அனிமே அவரை விடவில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவர் இப்படி. ஏழாம் நாள் வேறு ஆள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறார். முதலாளி அவர் பேச்சைக் கேட்பதில்லை, கேட்டில் நிற்பவர் கேட்பதில்லை, போக்குவரத்துப் போலீஸ் கேட்கவே கேட்காது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மட்டும் முப்பத்தொரு பேர் அவர் வாய் திறப்பதற்காகக் காத்திருப்பார்கள். அந்த வகுப்புதான் ஜூலையில் கைநழுவப் பார்த்தது.

காரணம், சாத்தான். ஜூலை ஆறாம் தேதி வகுப்பில் சாத்தான் எப்படி ஏமாற்றுவான் என்று ஒரு பிள்ளை கேட்டது. சாவியோ கையிலிருந்த உதாரணத்தை எடுத்து வீசினார். ஒரு அனிமேயில் பள்ளித் தலைமையாசிரியர் மாலை மணி அடித்ததும் தன் முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். சாவியோ அதை நடித்தும் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எட்டு வயது மகிமாவும் கைதட்டினாள். பிறகு நான்கு நாள் தனியாகப் பாத்ரூம் போகமாட்டேன் என்றுவிட்டாள்.

மகிமாவின் அம்மா ஜெனி, காசிமேட்டில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவர் சும்மா விடவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் பத்து நிமிடம், மீதி நேரம் புகார். ஜெனியின் புகார் முதலில் வந்தது.

"பாத்ரூம் வாசல்ல நான் நின்னு பாட்டு பாடணுமாம். ஞானப்பாட்டு ரெண்டு, சினிமாப்பாட்டு ரெண்டு. வேலைக்குப் போற பொம்பள எனக்கு இது தேவையா? இந்த மனுசன் ஏசுவப் பத்தி சொல்றாரா, இல்ல ஜப்பான் பேயப் பத்தி சொல்றாரா?"

பங்குத்தந்தை ஜேக்கப் ஒரு வழி சொன்னார். "சாவியோ, நீங்க பிள்ளைகளுக்குச் சொல்ற கதை எப்படிப்பட்டதுன்னு பெற்றோர் பார்க்கட்டும். வர்ற ஞாயிறு ஹாலில் ஒரு எபிசோடு போடுங்க. அவங்களுக்குச் சரின்னு பட்டா வகுப்பு உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளைப் பார்ப்போம்."

சாவியோ இதை 'கேட் பாஸ்' குழுவிடம் கொண்டுபோனார். அந்த வாட்ஸ்ஆப் குழுவில் நான்கு பேர். கொருக்குப்பேட்டை அர்ஜுன், இருபத்து நான்கு வயது ஓட்டுநர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளத்துரை, ஐம்பத்திரண்டு வயது ஓட்டுநர். கண்டெய்னர் சீல் சரிபார்க்கும் ஹஃப்சா, யார்டு ஊழியர். நான்காவது சாவியோ. வியாழக்கிழமை மதியம் கேட் எதிர்ப்புற டீக்கடையில் கூடினார்கள்.

அர்ஜுன் யோசிக்கவே இல்லை. "மண்டையோட்டுப் பள்ளி போடுண்ணா. ரெண்டாவது சீசன் செமயா கீது."

"டேய் நைனா, அந்தத் தலைமையாசிரியராலதாண்டா இவ்ளோ பேஜாரு" என்றார் சாவியோ.

"அப்ப இரும்புக்கழுத்து." அது சாவியோவுக்கு உயிரான தொடர். துறைமுகத்துக் கிரேன்கள் எழுந்து நின்று சண்டை போடும். சாவியோ ஒரு கணம் ஆசைப்பட்டார். பிறகு ஒன்பதாம் நிமிடத்தில் ஒரு கிரேன் ஓட்டுநர் இரண்டாகப் பிளக்கப்படுவது நினைவுக்கு வந்தது.

ஹஃப்சா டிபன் பாக்ஸை மூடினார். "முதல்ல ரூல் போடுவோம். ரத்தம் கூடாது. குட்டைப் பாவாடை கூடாது. செத்தவங்க எழுந்து வரக்கூடாது."

"மூணாவது ரூலு எங்காளுங்க கிட்ட செல்லாது தங்கச்சி. எங்க மதமே அதுலதான் நிக்குது" என்றார் சாவியோ.

"அப்ப மழைக்கடை போடுங்கண்ணா. நூத்துக்கு நூறு சுத்தம்." மழைக்கடை ஹஃப்சாவின் தொடர். மலையோரத்தில் ஒரு பெண் டீக்கடை வைத்திருப்பாள், மழை பெய்யும், அவ்வளவுதான்.

வெள்ளத்துரை தலையில் அடித்துக்கொண்டார். "இருவத்துநாலு எபிசோடுல அந்தப் புள்ள ஒரு டீ போடுதா. எங்க ஊர்ல அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு பேறுகாலமே ஆயிரும். பிள்ளையள் தூங்கிட்டா அதுவும் தோல்விதாம்ல."

"குழந்தைங்க சும்மா உக்காந்து மழையப் பாத்தா என்னண்ணே தப்பு?"

"ராயபுரத்துப் பிள்ளையளுக்கு மழைன்னா வீட்டுக்குள்ள தண்ணி. அதப் பாத்துதான் அதுவ அழும்."

ஹஃப்சா மழைக்கடையை விட்டுக்கொடுத்தார். இரண்டு டீ கழித்து அர்ஜுன் ஒரு புதுத் தொடரைச் சொன்னார். கலங்கரை விளக்கத்தில் அப்பாவோடு வசிக்கும் ஒரு சிறுமி, அவள் வளர்க்கும் ஒரு நண்டு. தமிழில் டப் ஆகி வந்திருக்கிறது. போஸ்டரில் நண்டுக்குத் தொப்பி. குழுவில் யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அது சின்னப் பிள்ளைகளுக்கானது போலத் தெரிந்தது. நால்வருக்கும் அதுவே தகுதியாகப் பட்டது.

"ஆனா முழுசாப் பாத்துட்டுத்தான் போடணும்" என்றார் ஹஃப்சா.

சனிக்கிழமை பார்த்தார்கள். குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு: வரிசையில் அவரவர் வண்டியில் இருந்தபடி, ஒருவர் குழு அழைப்பில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். அப்போதுதான் முடிந்த கையோடு சண்டை போட முடியும். அன்று சாவியோ எண்ணினார். அர்ஜுன் அவருக்கு இரண்டு வண்டி முன்னால், வெள்ளத்துரை பதினோரு வண்டி பின்னால். ஹஃப்சாவுக்கு வேலை நேரம், அவர் பார்க்கவில்லை.

நண்டு நடக்கக் கற்றது. நண்டு அந்தச் சிறுமியின் செருப்பைத் திருடியது. நண்டு வானவில் பார்த்தது. வெள்ளத்துரை மூன்று சிரிப்பு முகங்கள் அனுப்பினார். இருபத்திரண்டு நிமிட எபிசோடில் பதினெட்டாம் நிமிடம் ஓடும்போது கேட் திறந்தது.

அர்ஜுன் போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் நிற்கும் சாவியோ அண்ணன் மீதியைப் பார்த்துவிடுவார் என்று நினைத்தார். சாவியோவின் முறை அரை நிமிடத்தில் வந்தது. பதினோரு வண்டி தள்ளி நிற்கும் வெள்ளத்துரைக்கு எப்படியும் ஐந்து நிமிடம் கிடைக்கும் என்று அவரும் கியர் போட்டார். கணக்கு சரிதான். ஐந்து நிமிடம் கிடைத்தது. வெள்ளத்துரை அதில் தூங்கினார். வானவில் வந்த இடத்திலேயே அவருக்குக் கண் சொருகிவிட்டது. ஹாரன் சத்தத்தில் விழித்து, எபிசோடு முடிந்திருப்பதைப் பார்த்து, நல்லபடியாக முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்.

மாலையில் ஹஃப்சா குழுவில் கேட்டார்: எல்லாரும் பார்த்தாச்சா? ஓகேவா? மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன.

மறுநாள் பங்கு ஹாலில் நிற்க இடமில்லை. முப்பத்தொரு பிள்ளைகளோடு, அம்மாக்கள், ஐந்தாறு அப்பாக்கள், முதல் வரிசையில் ஃபாதர், இரண்டாவது வரிசை நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு ஜெனி. அர்ஜுனும் வெள்ளத்துரையும் குளித்துத் தலைவாரி, திருமணத்துக்கு வந்தவர்கள் போலக் கடைசிச் சுவரோரம் நின்றார்கள். வந்தவர்களுக்கு யாரோ ஆளுக்கொரு சமோசா கொடுத்தார்கள்.

நண்டு செருப்பைத் திருடியபோது ஹால் சிரித்தது. வானவில்லுக்கு ஒரு அம்மா "அய்யோ, அழகு" என்றார். ஜெனியின் கைகள் கட்டவிழ்ந்தன. சாவியோ அதைப் பார்த்தார். அவருக்கு இடுப்பிலிருந்து ஒரு தைரியம் ஏறி வந்தது.

பிறகு பதினெட்டாம் நிமிடம் கடந்தது. அடுத்து என்ன என்று தனக்குத் தெரியாது என்பது சாவியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி அர்ஜுனைப் பார்த்தார். அர்ஜுன் வெள்ளத்துரையைப் பார்த்தார். வெள்ளத்துரை மின்விசிறியைப் பார்த்தார்.

திரையில் அப்பா வேலை முடிந்து வருகிறார். சிறுமி பள்ளியிலிருந்து வந்து மேசையில் உட்கார்கிறாள். சுடச்சுட சூப். மூன்று கரண்டி குடிக்கிறாள். நன்றாக இருக்கிறது என்கிறாள். "அப்பா, என் நண்டு எங்கே?" "அது உன்னுடையதா?" என்று விழித்தபடி அப்பா கையிலிருந்த கரண்டியால் சட்டியைக் காட்டுகிறார். அதே கணம் சட்டி மூடி மெல்ல உயர்கிறது. உள்ளிருந்து தொப்பி. தொப்பிக்குக் கீழே ஒற்றைச் சிவப்புக் கண். திரை முழுக்க எழுத்து: நண்டு திரும்ப வரும். வீடு வீடாக வரும்.

சாவியோ நிறுத்தினார். முன் பெஞ்சில் ஒரு பையன் வாயிலிருந்த சமோசாவைக் கையில் துப்பினான்.

"மிளகே போடலையே" என்றது ஒரு பையன் குரல். "நண்டுக்கு மிளகு பூண்டு போடணும், அப்பத்தான் சளி போவும்."

"சீ, அது வளத்த நண்டுடா!"

"எங்க வூட்ல வளத்த கோழியத் திங்கல?"

இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஒன்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்த அப்பா கொலைகாரன் என்றது ஒரு கூட்டம். அவருக்குத் தெரியாது, தெரியாமல் செய்தால் பாவமில்லை, போன வாரம் சார்தானே சொன்னார் என்றது இன்னொரு கூட்டம். அது உண்மை. ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்யும் பாடத்தில் சாவியோ அதைச் சொல்லியிருந்தார். ஃபாதர் ஜேக்கப் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கவனித்தார்.

ஜெனி எழுந்தார். "இதான் உங்க நல்ல கதையா?"

சாவியோவிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் கடைசி வரைக்கும் பாக்கலமா" என்றார். "லைன் நகந்துச்சு. வண்டிய எடுத்துட்டேன். இவங்க பாத்துருப்பாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப சார் தெரியாம செஞ்சாரு. பாவமில்ல" என்று மிளகுப் பையன் தீர்ப்புச் சொன்னான்.

மகிமா எழுந்தாள். "இல்ல. அந்த அப்பாவுக்கு அது பாப்பாவோட நண்டுன்னு தெரியாது. சாருக்கு, தான் பாக்கலன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டாரு."

வெள்ளத்துரை கடைசிச் சுவரிலிருந்து, "பிள்ள சொல்றது சரிதாம்" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஃபாதர் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு சாவியோவிடம் கேட்டார்: "மகிமா சொன்னதை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கறேன் ஃபாதர்."

"பிள்ளைங்க பாடத்தை நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்காங்க. ஆனா பெற்றோருக்குச் சரின்னு படணும்னு சொன்னேன். படலை. ஒத்துக்கிட்டதால ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் விலகி இருங்க." ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "ஆகஸ்ட் முடியற வரைக்கும் இந்த வகுப்பை யார் எடுப்பாங்க?"

அத்தனை பெற்றோரும் தரையைப் பார்த்தார்கள். இந்தப் பங்கில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு: குறை சொன்னவர் தலையில்தான் வேலை விழும். ஜெனிக்கும் அது தெரியும். சமோசா தட்டை எடுக்கும் சாக்கில் வாசலுக்கு நடந்தவரை ஃபாதர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சாவியோ வருகைப் பதிவேட்டையும் சாக்பீஸ் டப்பாவையும் ஜெனியிடம் கொடுத்தார். எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது, யாரை முன்னால் உட்காரவைக்க வேண்டும், எந்த இரண்டு பேரைப் பிரித்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெனி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "அந்த நண்டு முதல்ல யார் வூட்டுக்குப் போவுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தெரியாதுமா. இனிமேதான் பாக்கணும்."

"பாத்துட்டு சொல்லுங்க. மகிமா கேப்பா."

ஜூலை 20 முதல் ஜெனி வகுப்பு எடுக்கிறார். செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிறு, காலை ஒன்பதரைக்கு, அது மறுபடி சாவியோவிடம் வருகிறது.