வலது பக்கத்துக் காற்று

மோதிக்கொண்ட இரண்டு வண்டிகளில் தப்பு யாருடையது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்சூரன்ஸ் சர்வேயர். காலையில் குடவாசல் பக்கம் நெல் ஏற்றிவந்த டிராக்டர், மதியம் நீடாமங்கலத்தில் மினி பஸ், நடுவில் ஒரு டீ. இரண்டு தரப்பும் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். பதினான்கு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

அலுப்புத் தட்டும்போது போனில் வெளிநாட்டுப் பாய்மரப் பந்தயம் பார்ப்பேன். அந்தப் படகுகள் மிதப்பதில்லை. அடியில் இருக்கும் இறக்கைகளை ஊன்றி எழும்பி, பஸ்ஸைவிட வேகமாகப் பறக்கின்றன. அடிப்படை விதி என்னவோ எங்கள் கடற்கரை விதிதான். எதிரெதிரே வந்தால், காற்றை வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழி. இடப்பக்கம் வாங்குகிறவர் விலக வேண்டும். நடத்துகிற விதம்தான் வேறு. அங்கே எல்லைக்கோடு கடலில் கிடையாது, திரையில் இருக்கிறது. நடுவர்கள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தப்பு என்றால் நொடியில் தீர்ப்பு வந்துவிடும். தப்பு செய்தவர் வேகத்தைக் குறைத்துப் பின்தங்க வேண்டும், அத்தோடு சரி. ஏன் விலகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, வயல் முடிந்து கடல் தொடங்கும் இடம். பொங்கல் கழிந்து கோயில் திருவிழாவில் படகுப் பந்தயம் நடக்கும். மோதல் என்றால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடிபட்ட படகு சரியாகிக் கடலுக்குப் போகும்வரை, தப்பு செய்தவர் படகும் கரையேறி நிற்க வேண்டும். தன் தப்பால் தானே அடிபட்டால் அது அவர் பாடு. படகு கரையில் நின்றால் வீட்டில் உலை ஏறாது என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும்.

அந்த வருடம் மோதியது அப்பாவின் படகும் பெரியப்பாவின் படகும். கரைக்குக் கூப்பிடு தூரத்தில், கடைசிக் கொடியருகே. நான் ஐஸ் கம்பெனி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் காற்று வலப்பக்கம். "வழி! வழி!" என்று கத்தினார். பெரியப்பாவின் முகம் அப்பாவின் படகை நோக்கித்தான் இருந்தது. ஆனாலும் சுக்கானைத் திருப்பவில்லை, நேரே குறுக்கே வந்தார். அப்பா கடைசி நேரத்தில் திருப்பியும் பயனில்லை. பெரியப்பாவின் படகில் இரண்டு பலகை பிளந்துவிட்டது.

கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. தலைவர் பெரியப்பாவைக் கேட்டார்: "ஏன் விலகல?"

பெரியப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பெண்பிள்ளைகள் போகாத கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன்.

"பெரியப்பா பாத்தாங்க! எங்கப்பா படகப் பாத்துக்கிட்டேதான் குறுக்க வந்தாங்க!"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி. அப்போது அப்பா எழுந்தார்.

"புள்ளைக்கு என்னங்க தெரியும்? எனக்குக் காத்து எடது பக்கம். நான்தான் வெலகியிருக்கணும். தப்பு என்னோடது."

ஊரே பார்த்த விஷயத்தில் இப்படி ஒரு பச்சைப் பொய். அப்பாவோடு படகில் வந்த நாலு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் பெரியப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அவரே சொல்லிட்டாருல்ல, கெளம்புங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இருபது நாள் அப்பாவின் படகு கரையில் கிடந்தது. அம்மா சம்பா அறுவடைக்குக் கூலிக்குப் போனாள். ரேஷன் அரிசிக் கஞ்சியும் பழைய கருவாடும்தான் சாப்பாடு. நான் அப்பாவோடு பேசவில்லை. அண்ணனுக்குப் பயந்தவர், பொய்யர் என்று மனதுக்குள் திட்டினேன். அவரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. கரையில் நின்ற படகுக்கு வேலை இருப்பதுபோல் எதையாவது தேய்த்துக்கொண்டிருந்தார்.

காலேஜுக்குப் போன பிறகு, மீன் ஆய்ந்துகொண்டே அம்மா போகிறபோக்கில் சொன்னாள். பெரியப்பாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம். காற்று காதில் படுவதை வைத்தே பழக்கத்தில் படகு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஊருக்குத் தெரிந்தால் சுக்கானைப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். பந்தயத்தில் கூட இருந்தவர்களுக்குப் பாய் மறைத்துவிட்டது, குரல் கேட்டும் எந்தப் பக்கம் விலகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கத்தியும் அவர் திரும்பாதபோதுதான் அப்பாவுக்கே புரிந்ததாம். பிறகு வந்த சித்திரையில், தாராசுரம் கோயிலுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, தஞ்சாவூரில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன் வாய்க்குப் பயந்துதான்" என்றாள்.

நியாயம்தான். இன்றைக்கும் யாராவது விபத்தைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு ஆர்வமாக ஓடி வந்தால் எனக்கு அசதியாக இருக்கிறது. எழுதிக்கொள்கிறேன். எழுதித்தானே ஆக வேண்டும்.

அன்றைக்கு மோதல் நடந்து இருபத்தோராம் நாள் பெரியப்பாவின் படகு கடலுக்குப் போய்வந்தது. முதல் மீனை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வாசற்படியில் நின்றேன். என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, "யாரும்மா நிக்கிறது? சின்னக்குட்டியா?" என்றார்.

பஞ்சாயத்தில் பேசியதற்காகக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சட்டியைப் படியில் வைக்கப் போனார். படி தப்பிச் சட்டி கவிழ்ந்தது. மண்ணில் உட்கார்ந்து, சிதறிய மீன்களை ஒவ்வொன்றாகக் கையால் துழாவினார். என் காலடியிலேயே இரண்டு கிடந்தன. நன்றாகத் தேடட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.