கரும்புக்குள் ஒளிந்தவன்

மின்யாவுக்குக் கிழக்கே, நைலுக்கு அந்தக் கரையில், கல் அறுக்கும் ரம்பத்தில் கினாவியோடு நின்றவன் நான். அவனை நல்லவன் என்று சொல்ல மாட்டேன். மேஸ்திரி ஒருத்தனை வெள்ளைப் புழுதியில் குப்புற அமுக்கி, "நாங்க தின்னுறதை நீயும் தின்னு" என்றவன். ரம்பத்தில் ஒருத்தன் கை போனபோது அவனைத் தோளில் போட்டு ஓடியவனும் அவன்தான்.

அவனைச் சாய்த்தது நெஞ்சு. வருஷக்கணக்கில் இருமல், பச்சைச் சளி, பிறகு அதில் ரத்தம். காய்ச்சல் வரும், ஊசி போடுவார்கள், விடும். விட்டதும் மருந்தை நிறுத்திவிடுவான்.

"ஏன்டா நிறுத்துறே?"

"அவன் கஃபனோட வந்துட்டான்டா. இனி அடிச்சா எனக்குத்தான் கேவலம்."

எங்கள் பக்கம் கொலைப்பகை முடிய, கொன்றவன் தன் பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணியைத் தானே ஏந்தி எதிராளி வாசலுக்கு வருவான். வந்தவனை வெட்டக் கூடாது. காய்ச்சல் விட்டதை அப்படி எடுத்துக்கொண்டான் மடையன். கிருமி எங்கே கஃபன் ஏந்தியது? பதுங்கத்தான் செய்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மர்வா நெஞ்சை எடுத்த படத்தைக் காட்டி வைதாள்.

"கிருமி உள்ள சும்மா திரியல, அண்ணே. பாசி மாதிரி வழவழன்னு கட்டிக்கிட்டு அதுக்குள்ள உக்காந்திருக்கு. ஊசி, வெளிய திரியறதைத்தான் கொல்லுது."

"என் உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லையா?"

"இருக்கு, அதான் வினை. ரத்தத்துல இருக்கற காவலாளுங்க கூட்டமா வர்றாங்க. பாசியை உடைக்க முடியல. கையில உள்ள விஷத்தையெல்லாம் அங்கயே கொட்டிட்டுச் சாகுறாங்க. உங்க சதைதான் வெந்து பொந்தாகுது. அந்தப் பொந்துல இன்னும் பாசி."

கினாவி தாடையைத் தேய்த்தான். "கரும்புக்குள்ள ஒளிஞ்சவனைப் பிடிக்கப் போலீஸ் கரும்பைக் கொளுத்துற மாதிரி."

"அதேதான். இடது நுரையீரல்ல அடிப்பக்கத்தை அறுத்து எடுக்கணும். விட்டா ஒருநாள் ரத்தக்குழாய் வெடிக்கும். பிழைக்க மாட்டீங்க."

"அறுக்கறது என் தொழில், தாயி. உன்கிட்ட வந்து படுக்க மாட்டேன்." நாற்காலியை உதைத்துவிட்டு வெளியேறினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் முலுக்கியாக் கீரைக் குழம்பும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தோம். ஒரு இருமல். தட்டில் குழம்பு தெரியவில்லை, ரத்தம்தான். வாயிலும் மூக்கிலும் கொட்டியது. மூச்சு கிடைக்காத வெறியில் சுவரைக் குத்தினான், விரல் உடைந்தது. தொண்டையை அடைத்த ரத்தக்கட்டியைத் தோண்டி எடுக்க வாயில் கைவிட்ட பெண்சாதி நஜிய்யாவைக் கடித்தான்.

"கடிடா, நாசமாப் போறவனே. செத்து மட்டும் தொலையாதே" என்றாள். கையை எடுக்கவில்லை.

கல் லாரியில் இடது பக்கமாகப் படுக்கவைத்து ஓட்டினோம். வழியெல்லாம் என் கழுத்தைப் பிடித்து நெரித்தான். இரும்புப் பிடி. அது தளர்ந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அறுத்தார்கள். பிழைத்தான். கண் விழித்ததும், எடுத்ததைக் காட்டு என்றான். பிணத்தைப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் எதையும் நம்புவதில்லை. மர்வா கிண்ணத்தில் கொண்டுவந்தாள். தேன்கூடு மாதிரிப் பொத்தல் விழுந்த சாம்பல் சதை. கத்தியால் ஒரு பொந்தைத் திறந்து காட்டினாள். உள்ளே பச்சைக் கோழை, கயிறாக நீண்டது.

"எல்லாம் செத்துச்சா?"

"இதுல இருந்தது போச்சு. வலது பக்கம் கொஞ்சம் இருக்கு. காய்ச்சல் விட்டாலும் மருந்தை விடக் கூடாது. ரம்பத்துப் பக்கமே போகக் கூடாது."

அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைக்கையைச் சுருட்டினான்.

"ஊசியைக் கொண்டா."

"மணி ஆகலையே, அண்ணே."

"எனக்கு ஆயிடுச்சு. குத்து."